சீட்டுக்கடியில் செத்துக்கிடக்கும் சாட்சி

வியாசர்பாடியிலிருந்து வேலைக்குக் கிளம்பும் பைக் எந்தப் பக்கம் திரும்பினாலும் கடைசியில் ஒரு டிரெய்லரின் ஓரத்தில்தான் போய் நிற்கும். எருக்கஞ்சேரி நெடுஞ்சாலையில் மூலக்கடை நோக்கிப் போனாலும் சரி, பேசின் பிரிட்ஜைத் தாண்டி ராயபுரம் பக்கம் போனாலும் சரி, கொடுங்கையூர் வழியாக மணலிக்கோ, கடலை ஒட்டித் திருவொற்றியூர், எண்ணூருக்கோ போனாலும் சரி, கன்டெய்னர் சுமந்த வண்டிகளுக்கு நடுவில்தான் இருசக்கர வாகனம் வழி தேட வேண்டும். துறைமுகமும் சுத்திகரிப்பு ஆலையும் சரக்குக் கிடங்குகளும் இருக்கும்வரை இது மாறப்போவதில்லை. மோதிவிட்டுப் போன வண்டி எது என்று சொல்ல ஒரு சாட்சி இருக்கிறதா என்பதை மட்டும் மாற்ற முடியும்.

அந்தச் சாட்சியின் விலை என்ன என்பதைக் கணக்காகவே பார்த்துவிடலாம். மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் 2022ஆம் ஆண்டு அறிக்கைப்படி, அந்த ஓராண்டில் நாடெங்கும் சாலையில் இறந்தவர்கள் 1,68,491 பேர். அதில் 74,897 பேர் இருசக்கர வாகனத்தில் போனவர்கள். மோதிவிட்டு நிற்காமல் போன வண்டிகளால் மட்டும் 30,486 உயிர்கள் போயின. விபத்துகளின் எண்ணிக்கையில் முதலிடம் தமிழ்நாட்டுக்கு: 64,105. மோதிய வண்டி தெரிந்தால், இறந்தவரின் வயதையும் வருமானத்தையும் அவரை நம்பியிருந்தவர்களையும் கணக்கில் எடுத்துத் தீர்ப்பாயம் இழப்பீட்டை முடிவு செய்யும். காப்பீட்டு நிறுவனம் கொடுக்கும். வண்டி தெரியாவிட்டால், 2022 ஏப்ரல் 1 முதல் நடப்பில் உள்ள திட்டப்படி உயிருக்கு 2 லட்சம் ரூபாய், படுகாயத்துக்கு 50 ஆயிரம் ரூபாய். அதோடு சரி. அதற்கு முன்பு 25 ஆயிரமும் 12,500ம்தான் கொடுத்தார்கள். சம்பாதிக்கும் வயதில் ஒருவரை இழந்த குடும்பத்துக்கு இந்த 2 லட்சம் எத்தனை மாதம் வரும்?

பயணத்தைத் தொடர்ந்து படம்பிடிக்கும் டேஷ்கேமராவை பைக்கில் மாட்டுவதை இந்தக் கணக்கை வைத்துத்தான் பார்க்க வேண்டும். மலைச்சாலைப் பயணத்தைப் படம்பிடித்துக் காட்டுகிறவர்களின் விளையாட்டுப் பொருளாக அறிமுகமானது அது. இன்று உணவு டெலிவரி செய்கிறவருக்கும், ஷிஃப்ட் முடித்து நள்ளிரவில் வீடு திரும்புகிறவருக்கும் தேவையான பொருள். 2023 ஜனவரியில் பெங்களூரு சர்ஜாப்பூர் சாலைப் பக்கம், பின்னிரவில் காரில் போன தம்பதியை இருசக்கர வாகனத்தில் வந்த இருவர் வேண்டுமென்றே மோதி விரட்டினார்கள். காரின் டேஷ்கேமரா பதிவு வெளியானதும் இருவரும் கைது செய்யப்பட்டார்கள். அந்தப் பதிவு இல்லாவிட்டால் யார் மீது யார் மோதியது என்பதே வாய்த்தகராறில் முடிந்திருக்கும். பெங்களூரின் அல்ட்ராவயலெட் நிறுவனம் 2025 மார்ச்சில் அறிமுகப்படுத்திய டெசராக்ட் மின்ஸ்கூட்டரில் முன்னும் பின்னும் டேஷ்கேமராவை வண்டியோடு சேர்த்தே கொடுப்பதாக அறிவித்தது. மற்ற வண்டிக்காரர்கள் தனியாக வாங்கித்தான் மாட்ட வேண்டியிருக்கிறது. சிக்கல் தொடங்குவது அங்கேதான்.

வாங்கி மாட்டிய முதல் வாரம் எல்லோரும் படத்தைப் போட்டுப் பார்க்கிறார்கள். அதற்குப் பிறகு யாரும் பார்ப்பதில்லை. சீட்டுக்கடியில் இருக்கும் பதிவுப் பெட்டியில் விளக்கு மினுக்கிக்கொண்டிருக்கும். உள்ளே ஒன்றும் பதிவாகாமல் மாதங்கள் ஓடியிருக்கும். விபத்து நடந்த அன்று மெமரி கார்டைக் கழற்றிக் கணினியில் செருகும்போதுதான் பின் கேமரா எப்போதோ கறுத்துப்போனது தெரிய வருகிறது. கேமரா இருக்கிறது என்ற தைரியத்தில், லாரியின் நம்பரை ஓடிப்போய்ப் பார்த்து மனத்தில் வாங்காமல் விட்டவருக்கு இரட்டை இழப்பு. ஓடாத கேமரா, கேமராவே இல்லாததைவிட மோசம்.

இதில் வேதனை என்னவென்றால், பழுதில் பெரும்பகுதி கேமராவுக்குள்ளேயே இருப்பதில்லை. கரண்ட், கார்டு, வயர் என்ற மூன்றில்தான் இருக்கிறது. மூன்றையும் பார்க்கத் தெரிந்த ஆட்டோ எலக்ட்ரீஷியனுக்கு வடசென்னையில் பஞ்சமில்லை. அவர் கையில் இல்லாதவை இரண்டு: அந்த மாடலின் வயரிங் படம், தனியாக வாங்கக்கூடிய உதிரி. விற்கிறவர்கள் இந்த இரண்டையும் கொடுத்தாக வேண்டும் என்று கேட்கிற நேரம் வந்துவிட்டது.

கரண்ட்டிலிருந்து தொடங்கலாம். பைக் பேட்டரி 12 வோல்ட். கேமராப் பெட்டிக்கு வேண்டியது 5 வோல்ட். நடுவில் ஒரு சிறிய கன்வர்ட்டர் இருக்கும். அதிலிருந்து பொதுவாக மூன்று வயர்கள் வரும்: சிவப்பு நேராக பேட்டரிக்கு, மஞ்சள் சாவி போட்டால் மட்டும் கரண்ட் வரும் இக்னிஷன் லைனுக்கு, கறுப்பு எர்த்துக்கு. அவசரத்தில் மஞ்சளையும் சிவப்பையும் ஒன்றாக முறுக்கி பேட்டரியில் கொடுத்துவிட்டால், வண்டி இரவு முழுக்க ஓடிக்கொண்டிருப்பதாகவே கேமரா நினைத்துக்கொள்ளும். 5 ஆம்பியர்-அவர் பேட்டரியிலிருந்து தொடர்ந்து 200 மில்லியாம்பியர் போனாலே ஒரே நாளில் பேட்டரி காலி. காலையில் செல்ஃப் எடுக்காது. பழி பேட்டரி மீது விழும்; புது பேட்டரி வாங்குவார்கள்; அதுவும் படுத்துக்கொள்ளும்.

இதற்கு நேர்மாறான தவறு இன்னும் ஆபத்தானது. பேட்டரி இறங்கிவிடுமே என்று பயந்து சிவப்பையும் இக்னிஷன் லைனிலேயே கொடுத்துவிடுகிறார்கள். அப்போது சாவியை அணைத்த நொடியில் கேமராவுக்குக் கரண்ட் அறுந்துபோகும். எம்பி4 கோப்பைப் படிக்கத் தேவையான அட்டவணை பெரும்பாலும் கோப்பின் கடைசியில்தான் எழுதப்படுகிறது. எழுதி முடிப்பதற்குள் கரண்ட் போனால் அந்தக் கோப்பு திறக்காது. ஒவ்வொரு நாளும் கடைசிக் கோப்பு மட்டும் கெட்டுப்போகிறது என்றால் காரணம் இதுதான். விபத்தில் வண்டி சாய்ந்து கரண்ட் அறும்போதும் இதுவேதான் நடக்கும். அதாவது தேவைப்படுகிற அந்த ஒரு கோப்புதான் போகும். உள்ளே சூப்பர் கப்பாசிட்டர் உள்ள பெட்டியாக இருந்தால் கரண்ட் போன பிறகும் சில நொடி தாங்கிக் கோப்பை மூடிவிடும். கோப்பின் நீளத்தை ஐந்து நிமிடத்திலிருந்து ஒரு நிமிடமாகக் குறைத்து வைத்தால் போவதும் குறைவாகப் போகும். திறக்காத கோப்பைக் கண்டதும் அழித்துவிடக் கூடாது: அதே கேமராவில், அதே அமைப்பில் எடுத்த நல்ல கோப்பு ஒன்றை மாதிரியாக வைத்து மீட்டெடுக்கும் மென்பொருள்கள் இருக்கின்றன.

ஹாரன் அடித்தாலோ செல்ஃப் அழுத்தினாலோ கேமரா அணைந்து மறுபடி எழுகிறதா? பேட்டரி தளர்ந்திருக்கிறது, அல்லது எர்த் சரியில்லை. மல்டிமீட்டர் வைத்துப் பார்த்தால் வண்டி நிற்கும்போது பேட்டரி ஏறத்தாழ 12.6 வோல்ட்டும், எஞ்சின் ஓடும்போது 13.5 முதல் 14.5 வரையும் காட்ட வேண்டும். அதைத் தாண்டி 15க்கு மேல் போனால் ரெகுலேட்டர் பழுது. அது கேமராவை மட்டுமல்ல, ஹெட்லைட்டையும் தின்றுவிடும். பெயின்ட் அடித்த சேஸில் எர்த்தைத் திருகி வைப்பது பழைய பழக்கம். பேட்டரியின் நெகட்டிவ் முனைக்கே கொண்டுபோய்விட்டால் பாதிப் பிரச்சினை அங்கேயே தீரும்.

பழுது வண்டியிலா கேமராவிலா என்று பிரித்துப் பார்க்க ஒரு எளிய வழி உண்டு. பெட்டி யுஎஸ்பியில் கரண்ட் எடுக்கும் வகை என்றால், கழற்றி மேசை மேல் வைத்து, மொபைலுக்குச் சார்ஜ் போடும் பவர் பேங்கில் செருகி ஒரு மணி நேரம் ஓடவிட வேண்டும். அங்கே தடங்கலில்லாமல் ஓடினால் குற்றவாளி வண்டியின் வயரிங். அங்கேயும் நின்றால் பெட்டி அல்லது கார்டு. இந்த ஒரு சோதனையைச் செய்யாமல் புதுக் கேமரா வாங்கப் பணத்தைச் செலவழிப்பது வீண்.

கார்டு விஷயத்தில் ஏமாற்றம் அதிகம். இரண்டு கேமராவும் சேர்ந்து நொடிக்கு 24 மெகாபிட் வீதம் எழுதினால் மணிக்குச் சுமார் 11 ஜிபி ஆகும். நாளுக்குப் பத்து மணி நேரம் தெருவில் இருக்கும் டெலிவரி ஊழியரின் 64 ஜிபி கார்டு தினமும் ஒன்றரை முறைக்கு மேல் அழித்து எழுதப்படுகிறது. மொபைலில் பாட்டும் படமும் வைத்துக்கொள்ளச் செய்த கார்டு இந்த வேலைக்குத் தாங்காது. பல நிறுவனங்கள் தங்கள் சாதாரண கார்டுகளின் வாரண்டியிலேயே டேஷ்கேமராவில் போடுவதை விலக்கி வைத்திருக்கின்றன. தொடர்பதிவுக்கென்று ‘என்டூரன்ஸ்’ என்ற பெயரில் தனிக் கார்டு விற்கின்றன. விலை கொஞ்சம் கூடுதல்தான். ஆனால் ஆயிரக்கணக்கில் கொடுத்துக் கேமரா வாங்கிவிட்டு கார்டில் மிச்சம் பிடிப்பதில் அர்த்தமில்லை.

அதைவிடக் கொடுமை போலிக் கார்டு. வெளியே 128 ஜிபி என்று அச்சிட்டிருக்கும். உள்ளே அதில் கால்வாசிகூட இருக்காது. நிரம்பியதும் அடுத்து எழுதுவதெல்லாம் காற்றில் போகும், கேமராவுக்கும் அது தெரியாது. வாங்கிய அன்றே கணினியில் எச்2டெஸ்ட்டபிள்யூ என்ற இலவச மென்பொருளை ஓட்டினால் உண்மைக் கொள்ளளவு தெரிந்துவிடும். ரிச்சி தெருவில் வாங்கினாலும் ஆன்லைனில் வாங்கினாலும் பில் கேட்டு வாங்குவதும், மாதம் ஒருமுறை கேமராவிலேயே ஃபார்மேட் செய்வதும் பழக்கமாக வேண்டும்.

வடசென்னைச் சாலைகளுக்கே உரிய இன்னொரு பழுது உண்டு. மோதல் நடந்தால் அந்தக் கோப்பு அழியாமல் பூட்டிவைக்க கேமராவுக்குள் அதிர்வு உணரி இருக்கிறது. அதைக் கூர்மையான நிலையில் வைத்துவிட்டால் கனரக வண்டிகள் தோண்டிய ஒவ்வொரு பள்ளத்தையும் விபத்து என்று எடுத்துக்கொண்டு கோப்புகளைப் பூட்டிக்கொண்டே போகும். சில வாரத்தில் கார்டு முழுக்கப் பூட்டிய கோப்புகள், புதிதாக எழுத இடமில்லை, பதிவு நின்றுவிடும். சென்னைச் சாலைக்கு அந்த உணரியைக் கடைசிப் படிக்கு இறக்கி வைப்பதுதான் சரி.

இனி வயர். கடற்காற்றில் உப்பு இருக்கிறது, சாலையில் தூசி இருக்கிறது, மழைக்காலத்தில் கணேசபுரம் சுரங்கப்பாதை நிரம்பி நிற்பது ஊரறிந்தது. கேமராவின் லென்ஸ் தண்ணீர் புகாதது என்று அட்டைப்பெட்டியில் ஐபி67 முத்திரை இருக்கும். ஒரு மீட்டர் ஆழத்தில் அரை மணி நேரம் தாங்கும் என்பதே அதன் பொருள். ஆய்வகத்தில் அப்படித்தான் சோதிக்கிறார்கள். மாதக்கணக்கில் உப்புக்காற்று படுவது அந்தச் சோதனையில் இல்லை. பல செட்டுகளில் சீட்டுக்கடியில் உள்ள பெட்டிக்கும், நடுவில் இணைக்கும் கப்ளருக்கும் அந்த முத்திரைகூடக் கிடையாது. கப்ளரின் பித்தளை முனையில் பச்சைக் களிம்பு ஏறிவிட்டால் படம் விட்டுவிட்டு வரும், பிறகு வரவே வராது. கான்டாக்ட் கிளீனர் அடித்துத் துடைத்து, சிலிக்கான் கிரீஸ் தடவி, கப்ளரை வாய் கீழ்நோக்கி இருக்கும்படி கட்டி, மேலே ஹீட் ஷ்ரிங்க் குழாய் போட்டால் அடுத்த மழையைத் தாண்டும். கறுப்பு இன்சுலேஷன் டேப்பை மட்டும் சுற்றிவிட்டால் வெயிலில் பசை இளகிக் கழன்றுவிடும்.

வயர் அறும் இடங்களும் தெரிந்தவைதான். முன் கேமராவின் வயர் ஹேண்டில் திரும்பும் கழுத்துப் பகுதியில் இழுபடும். பின் கேமராவின் வயர் நம்பர் பிளேட் பக்கம் மட்கார்டு விளிம்பில் உரசும். எஞ்சினை ஓடவிட்டு, மொபைலில் நேரடிப் படத்தை வைத்துக்கொண்டு, ஹேண்டிலை இரு பக்கமும் முழுக்கத் திருப்பிப் பார்த்தால் எங்கே படம் துண்டாகிறது என்று பிடிபடும். இரண்டு கேமராவும் ஒரே வகை முனையில் வரும் செட்டாக இருந்தால், முன்னதைப் பின் சாக்கெட்டில் மாற்றிச் செருகிப் பார்க்கலாம்: படம் வந்தால் பெட்டி நல்லது, பின் கேமராவோ அதன் வயரோதான் போயிருக்கிறது. கேமராவோடு மொபைல் இணையவே இல்லை என்று புகார் சொல்கிறவர்களில் பலர் செய்ய வேண்டியது ஒன்றுதான். கேமராவின் வைஃபையில் இணையம் இருக்காது. மொபைல் அதைக் கண்டதும் தானாக விலகி சிம்முக்குத் தாவிவிடும். மொபைல் டேட்டாவை அணைத்தால் போதும்.

அதிர்வையும் குறைத்து எடைபோடக் கூடாது. சக்திமிக்க மோட்டார்சைக்கிள் எஞ்சினின் அதிர்வு ஹேண்டில்பார் வழியாக ஏறி ஐபோனின் கேமராவைக் கெடுக்கக்கூடும் என்று ஆப்பிள் நிறுவனமே 2021 செப்டம்பரில் எச்சரித்தது. பைக்குக்கென்றே செய்யாத கார் கேமராவை பைக்கில் கட்டுகிறவர்கள் இதை நினைவில் வைக்க வேண்டும். சித்திரை வெயிலில் சீட்டுக்கடியில் ஏறும் சூட்டில், லித்தியம் பேட்டரி உள்ள மலிவுக் கேமரா உப்பிப்போவதும் நடக்கிறது.

கேமரா ஓடுகிறது, படமும் தெளிவு என்றாலும் தேதியும் நேரமும் தப்பாக இருந்தால் வழக்கு தள்ளாடும். ஜிபிஎஸ் உலகப் பொது நேரத்தைத்தான் கொடுக்கும். கேமராவில் இந்திய நேரமண்டலத்தை வைக்காவிட்டால் படத்தில் நேரம் ஐந்தரை மணி பின்தங்கி விழும். இரவு ஒன்பதரை மணி விபத்துக்கு மாலை நான்கு மணி என்று முத்திரை. எதிர்த்தரப்பு வழக்கறிஞருக்கு அதுவே போதும்.

நம்பர் பிளேட் பற்றியும் உண்மையைச் சொல்லிவிட வேண்டும். அகலக் கோண லென்ஸில், இரவில், ஆடிக்கொண்டே எடுத்த படத்தில் நம்பர் படிக்கக் கிடைப்பது சில மீட்டர் தூரத்துக்குத்தான். இந்தப் பகுதியில் இன்னொரு தடயம் உண்டு. அதைப் பலரும் கவனிப்பதில்லை. ஒவ்வொரு கப்பல் கன்டெய்னரிலும் நான்கு எழுத்தும் ஏழு இலக்கமும் கொண்ட அடையாள எண் பெரிதாக எழுதப்பட்டிருக்கும். நம்பர் பிளேட் சேற்றில் மறைந்தாலும் அது தெரியும். எந்தப் பெட்டி எந்த வண்டியில் வெளியேறியது என்பது துறைமுக வாசல் பதிவில் இருக்கும். பின் கேமராவைச் சற்று மேல்நோக்கிச் சாய்த்து வைத்தால் அந்த எண்ணும் சிக்கும். காவல்துறை விசாரணையில் இதைத் தேடும்படி குடும்பத்தினர் எழுதியே கேட்கலாம்.

பதிவு கிடைத்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். அடுத்து? பெரும்பாலோர் செய்வது வாட்ஸ்அப்பில் அனுப்புவது. வாட்ஸ்அப் படத்தைச் சுருக்கிவிடும். நம்பர் மங்கும், மூலக்கோப்பின் விவரங்கள் போய்விடும். மின்னணுச் சான்றுக்குச் சான்றிதழ் கட்டாயம் என்று அர்ஜுன் பண்டிட்ராவ் கோட்கர் வழக்கில் 2020 ஜூலை 14 அன்று உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது. மூலக் கருவியையே அதன் உரிமையாளர் நேரில் கொண்டுவந்து நிரூபித்தால் சான்றிதழ் தேவையில்லை என்றும் அதே தீர்ப்பு சொன்னது. 2024 ஜூலை 1 முதல் நடப்புக்கு வந்த பாரதிய சாட்சிய அதினியம், 63ஆம் பிரிவில் சான்றிதழின் மாதிரியையே கொடுத்து, கோப்பு மாற்றப்படவில்லை என்று காட்டும் ஹேஷ் மதிப்பையும் குறிப்பிடச் சொல்கிறது. ஆகவே விபத்து நடந்ததும் முதல் வேலை கேமராவை அணைத்து கார்டைக் கழற்றுவது. ஓடவிட்டால் பழைய கோப்பின் மேலேயே புதியது எழுதப்பட்டுவிடும். நகல் எடுத்து வைத்துக்கொண்டு, மூலக் கார்டைக் காவல் நிலையத்தில் எழுத்துப்பூர்வ ஒப்புகை பெற்றுக் கொடுப்பதுதான் சரியான முறை.

இதில் அரசின் பங்கும் இருக்கிறது. பிரிட்டனில் வடக்கு வேல்ஸ் காவல்துறை 2016இல் ‘ஆபரேஷன் ஸ்நாப்’ என்ற ஏற்பாட்டைத் தொடங்கியது. பொதுமக்கள் தங்கள் கேமராவின் மூலக்கோப்பையே இணையத்தில் ஏற்றி, வாக்குமூலப் படிவத்தையும் சேர்த்து அனுப்பலாம். அதை வைத்து நடவடிக்கை எடுக்கிறார்கள். விபத்து விவரங்களைப் பதிய ஐஐடி மெட்ராஸ் உருவாக்கிய ஐராட் செயலி ஏற்கெனவே காவலர்களின் கையில் இருக்கும் நாட்டில், மூலக்கோப்பைப் பெற்று ஹேஷ் மதிப்போடு ரசீது கொடுக்கும் ஒரு வாசலைத் திறப்பது முடியாத காரியம் அல்ல. கேரளப் போக்குவரத்துத் துறை 2022இல் ஹெல்மெட்டில் கேமரா மாட்டத் தடை விதித்தது. மோதும்போது ஹெல்மெட்டின் பாதுகாப்பு குறையும் என்ற அந்தக் கவலை நியாயமானது. தடையோடு நின்றுவிடாமல், வண்டியில் எங்கே எப்படி மாட்டலாம் என்று தெளிவாகச் சொல்லவும் வேண்டும்.

விற்பவர்களிடம் கேட்க வேண்டியது மிகச் சாதாரணமானது. பின் கேமரா போனால் பின் கேமராவை மட்டும் விற்க வேண்டும். வயர் அறுந்தால் வயரை மட்டும் விற்க வேண்டும். இப்போது பல மாடல்களுக்கு முழு செட்டையும் வாங்கு என்பதே பதிலாக இருக்கிறது. வயரிங் படம் தமிழில் ஒரு பக்கம் அச்சிட்டுப் பெட்டிக்குள் போட எவ்வளவு செலவாகும்? மத்திய நுகர்வோர் விவகாரத் துறை ‘பழுதுபார்க்கும் உரிமை’ இணையதளத்தை 2022 டிசம்பரில் தொடங்கியபோது எடுத்துக்கொண்ட துறைகளில் மோட்டார் வாகனமும் மின்னணுச் சாதனமும் இருந்தன. இரண்டுக்கும் நடுவில் நிற்கும் டேஷ்கேமராவை அதற்குள் கொண்டுவர வேண்டும். ஆன்லைனில் விற்கும் பொருளின் விற்பனையாளர் யார், எந்த நாட்டில் செய்தது என்பதைக் காட்ட வேண்டும் என்று 2020ஆம் ஆண்டின் மின்வணிக விதிகள் ஏற்கெனவே சொல்கின்றன. வாங்கும் முன் அந்த விவரத்தைப் பார்க்க வேண்டும். இல்லாவிட்டால் வாங்காமல் இருப்பதே நல்லது. வாரண்டிக் காலத்தில் கைவிரித்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915இல் புகார் செய்யலாம். உள்ளூர் மெக்கானிக்கிடம் திறந்து காட்டும் முன்பே அதைச் செய்துவிட வேண்டும்.

கேமரா மாட்டியிருப்பவர்கள் இன்றிரவே கார்டைக் கழற்றி, பின் கேமராவின் கடைசிக் கோப்பு திறக்கிறதா, அதில் தேதியும் நேரமும் சரியா என்று பார்த்துவிடுங்கள். அடுத்த மாதச் சம்பள நாளில் மறுபடி ஒருமுறை பாருங்கள்.